அத்தையின் முட்டிவலி

“ஒரே வாரம்தான் லீவு. பாரீஸ், ரோம், வெனிஸ், வியன்னா, பிராக். ஓடி ஓடிப் பார்த்துடலாம்!” லேப்டாப்பில் வரைபடத்தை மனைவிக்கும் அம்மாவுக்கும் காட்டினான் அவன். முதல் ஐரோப்பாப் பயணம். கால் தரையில் நிற்கவில்லை அவனுக்கு.

“ஓடவா? என் முட்டி தாங்காதுப்பா,” என்றாள் அவன் அம்மா. “ரெண்டு ஊர் போதும். லிஃப்ட் இருக்கிற ஓட்டலாப் பாரு. அங்கங்க உக்காந்து போகணும்.”

“உன்னைக் கூட்டிட்டு உலகம் சுத்தின மாதிரிதான்!” சலித்துக்கொண்டே மூன்று ஊர்களைக் கழற்றிவிட்டான். “ஒரு வீல்சேரும் சொல்லி வச்சிடுறேன். நானே தள்ளுறேன்.”

“சரிப்பா.”

அவன் குளிக்கப் போனதும் மருமகளுக்குப் பொறுக்கவில்லை. பாவம், அவன் ஆசையில் இப்படி மண்ணை அள்ளிப் போடலாமா?

“ஏன் அத்தை, காலையிலகூட மூணு மாடி ஏறி துணி காயப்போட்டுட்டு வந்தீங்களே. அதுக்குள்ள எங்கேர்ந்து வந்துச்சு முட்டிவலி?”

“எனக்கு எங்கடி வலி? உன் புருஷன் படியேறும்போது பாரு. கைப்பிடியை விடவே மாட்டான். போன வாரம் தைலம் வாங்கிட்டு வந்தானே, யாருக்காம்?”

“உங்களுக்குன்னு சொன்னாரே!”

“என் கண்ணுலயே காட்டலை. வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லுவானா? வீம்பு. அப்படியே அவங்கப்பா.”

“அதுக்காக நீங்க வீல்சேர்ல உக்காரணுமா அத்தை?”

“உக்காந்துட்டுப் போறேன். தள்ளிக்கிட்டு வந்தா, பிடிச்சு நடக்க அவனுக்கு ஒரு கைப்பிடி கிடைக்குமில்ல!”