முறையீடு எண் 412

2024 பிப்ரவரி 11, ஞாயிறு காலை பத்தேகாலுக்கு, கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குச் சற்று மேற்கே, கேரளப் பக்கம் உள்ள ரத்தினசாமியின் வீட்டுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து பெண் பார்க்க ஒரு கார் வந்தது.

காரில் தரகர், மருதாத்தாள், அவருடைய மகன் பூபதிராஜா. கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறான். வயது முப்பத்து நான்கு. பார்க்கப்போவது பதினோராவது பெண்.

அவன் தோளில் மடிக்கணினிப் பை தொங்கியது. பையின் மேல் லினக்ஸின் சின்னமான பென்குயின்.

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் கம்ப்யூட்டரப் பத்தி வாயத் தொறக்காத சாமி," என்றார் மருதாத்தாள். "இந்த எடமும் போச்சுன்னா எனக்கு அலையத் தெம்பில்ல."

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. பத்தாவது இடத்தில், பெண்ணின் தம்பியுடைய மடிக்கணினியை வாங்கிப் பார்த்தவன், பெரியவர்கள் ஜாதகம் பேசி முடிப்பதற்குள் விண்டோஸை அழித்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்திருந்தான். நல்லெண்ணம்தான். தம்பியின் பரீட்சைக் குறிப்புகளும் அதோடு போயின.

பலகாரம் ஆனதும், பேசிக்கொள்ளட்டும் என்று இருவரையும் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். கதவு திறந்தே இருந்தது.

மேசையில், பெண் தமிழ்ப்ரியாவின் மடிக்கணினி. திரையில் நீலச் சன்னல்.

பூபதிராஜா அதைப் பார்க்காதது போல் இருக்க முயன்றான். அரை நிமிடம் இருந்தான்.

"விண்டோஸுங்களா?"

"ஆமாங்க. வேல அதுலதான். கம்பெனி குடுத்தது, நாம எதையும் மாத்த முடியாது."

"நம்ம கேரளாப் பள்ளிக்கூடத்துல லினக்ஸ்தானுங்களே படிச்சிருப்பீங்க?"

நல்ல குடும்பத்துப் பிள்ளை எப்படிக் குடிக்கப் பழகியது என்று விசாரிப்பவரின் குரல் அது.

"படிச்சனுங்க," என்றாள். அவள் முகத்தில் வருத்தம் ஏதும் தெரியவில்லை.

அதன் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. விண்டோஸில் இருப்பது அடுத்தவர் வீட்டில் வாடகைக்கு இருப்பது போல என்றான். சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும் என்றான். வெளியே மருதாத்தாள் இருமினார். அவன் பையைத் திறந்தான்.

"இதப் பாருங்க. முழுக்கத் தமிழ். யாரோ சம்பளம் வாங்காமச் செஞ்சிருக்காங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது."

அவள் கணினியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்படித் திரையில இப்பத்தான் பாக்கறனுங்க."

ஒவ்வொரு பட்டியலாகத் திறந்தாள். உதடு அசைய வாசித்தாள். கோப்புகள். அமைப்புகள். அண்மையில் திறந்தவை. சில இடங்களில் நின்று, திரும்பிப் போய் மறுபடி வாசித்தாள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை போல இருக்கிறாளே என்று அவனுக்கு இரக்கமாக இருந்தது. பரவாயில்லை, சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். அப்படி நினைத்தபோதுதான் அவளைத் தனக்குப் பிடித்துவிட்டது என்பதும் தெரிந்தது.

"எல்லாமே நல்லாருக்குதுங்க. ஒரு எடந்தான்," என்று வேலையை முடித்துக் கிளம்பும் பொத்தானைக் காட்டினான். 'வெளியேறு' என்றிருந்தது.

"எங்கம்மா இதப் பாத்துட்டு, ஏன்டா உன்னைய வெரட்டுதுன்னு கேட்டாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே, இதத் தமிழ்ல செஞ்சவங்களுக்கு முறையீடு எழுதிப் போட்டனுங்க. பேருகூட இல்ல, மொழிபெயர்ப்பாளர் முப்பத்தெட்டுன்னு ஒருத்தரு, வேற என்ன போடலாம்னு நீங்களே சொல்லுங்கன்னு பதில் போட்டாரு. ரிட்டயர்டு வாத்தியாரா இருக்கும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. வேல இருந்துச்சு."

"ரெண்டு வருசமாவா?"

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடி, மறுபடி திறந்தான்.

"செரி, இப்பச் சொல்லுங்க," என்றாள்.

யோசித்தான். "ஊட்டுக்கு வந்தவங்க கெளம்பறப்ப நாம என்னங்க சொல்றோம்? போயிட்டு வாங்கன்னுதானே."

அவள் தலையசைத்தாள். கணினியை மூடிப் பைக்குள் வைத்து, அவளே ஜிப்பை இழுத்துக் கொடுத்தாள்.

காரில் மருதாத்தாள் கேட்டார். "என்னடா பேசுன?"

"கம்ப்யூட்டர்."

அவர் வெளியே தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். 

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கோபாலபுரத்திலிருந்து தகவல் இல்லை. பூபதிராஜா இரண்டு முறை தரகருக்கு அழைக்கப் போய், அழைக்காமல் விட்டான். மாணவர் ஒருவர் விண்டோஸ் கணினியோடு வந்தபோது எதுவும் சொல்லாமல் சரிசெய்து கொடுத்தான்.

வியாழக்கிழமை காலை 9.40க்கு அவனுக்குத் தானியங்கி மின்னஞ்சல் ஒன்று வந்தது.

முறையீடு எண் 412 தீர்க்கப்பட்டது. பழையது: வெளியேறு. புதியது: போய் வாருங்கள்.

கீழே, திருத்தியவர் என்ற இடத்தில், மொழிபெயர்ப்பாளர் 38 என்று இந்த முறை எண் மட்டும் இல்லை. தமிழ்ப்ரியா ரத்தினசாமி, கோபாலபுரம் என்றிருந்தது.

அதற்கும் கீழே, இவர் ஆறு ஆண்டுகளில் மொழிபெயர்த்த வரிகள்: 11,206.

தரகர் பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். பெண்ணுக்குச் சம்மதம் என்றார்.