தூங்குமூஞ்சி

ஜோவெலினின் வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகளைக் கட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்திருந்தார் நர்ஸ் நெனிதா. குழந்தை அசையும்போதெல்லாம் அதை அழுத்த வேண்டும்.

இதுவரை ஒருமுறைகூட அழுத்தவில்லை.

இயந்திரத்திலிருந்து துடிப்பு மட்டும் தடதடவென்று கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்த காகிதத்தில் கோடு வகிடு எடுத்ததுபோல நேராக இருந்தது.

"துடிப்பு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா குழந்தை அசையும்போது கோடு மேலே ஏறணும். அதைத்தான் டாக்டர் பார்ப்பார். ஒண்ணு, உள்ளே தூங்குது. இல்லேன்னா..." என்ற நர்ஸ், மீதியை விழுங்கிவிட்டார்.

விழுங்கிய மீதி ஜோவெலினுக்குத் தெரியும். மணிலாவிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்போதும் கோடு இப்படியே இருந்தால் இன்றைக்கே அறுவை சிகிச்சை. பிரசவ நாளுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. குழந்தைக்கு எடையும் போதாது.

"தூங்குதுன்னா எழுப்பிட வேண்டியதுதானே?" என்றான் அவள் கணவன் ரோடெல். அவனுக்கு மெதுவாகப் பேச வராது. வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டது.

அவ்வளவுதான், வார்டே கிளம்பிவிட்டது.

யாரோ குளிர்ந்த ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள். குடித்தாள். யாரோ வெல்லம் போட்ட அரிசிக் கேக்கை வாயில் திணித்தார்கள். தின்றாள். நர்ஸ் வயிற்றை இரண்டு பக்கமும் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார். கோடு அசைந்து கொடுக்கவில்லை.

பக்கத்துக் கட்டில் பாசிங் அக்கா மூன்றாவது பிள்ளையைப் பெற்று நேற்றுத்தான் எழுந்து உட்கார்ந்தவள். அதைப் பற்றிக் கவலைப்படாமல் கரோக்கிப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள். குரல் கிழிந்த பிறகும் விடவில்லை. எதிர்க்கட்டில்காரியின் கணவன் சண்டைச் சேவல் வளர்ப்பவன். தன் பங்குக்கு அவன் சேவலாகவே மாறிக் கூவினான். ஜன்னலுக்கு வெளியே எங்கிருந்தோ நிஜச் சேவல் ஒன்று பதில் கொடுத்தது.

ரோடெல் வயிற்றருகே குனிந்து சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டினான். நர்ஸும் சிரித்துக்கொண்டே இயந்திரத்தின் ஒலியை முழுதாகக் கூட்டிவிட்டார். தாழ்வாரமெல்லாம் தடதடத்தது.

"தூங்குமூஞ்சி. அப்பனைக் கொண்டு பிறக்கப்போகுது" என்று பாட்டுக்கு நடுவே சொன்னாள் பாசிங் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். ஜோவெலினும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஒரு உதை விடு கண்ணு, ஒன்றே ஒன்று, என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

நர்ஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "வீட்ல எப்பம்மா உதைக்கும்?"

"ராத்திரிதான் மேடம். மில்லை நிறுத்தினதும்."

"என்ன மில்லு?"

"எங்க நெல்லு மில்லு. வீடும் அதுக்குள்ளேதான். காலையில பெல்ட் ஓட ஆரம்பிச்சா இருட்டினப்புறம்தான் நிக்கும். அது ஓடுற வரைக்கும் இது அசையவே..."

பாதியில் நிறுத்தினாள். ரோடெலின் கரண்டியும் அந்தரத்தில் நின்றது.

நர்ஸ் இயந்திரத்தின் ஒலியை அடியோடு குறைத்தார். எழுந்து போய்க் கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை அணைத்தார். பாசிங் அக்கா பாட்டை நடுவரியில் விட்டாள். சேவல்காரன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து ரோடெல் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து ஜோவெலின் பார்த்ததில்லை.

வார்டில் ஒரு சத்தமில்லை.

விலாவுக்குக் கீழே ஒரு உதை விழுந்தது. பிறகு இன்னொன்று, நல்ல பலமாக. தொட்டில் ஆட்டுவதை நிறுத்தியது யார் என்று அதட்டுவதுபோல இருந்தது.

அவள் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். காகிதத்தில் கோடு மேலே ஏறியது, இறங்கியது, திரும்பவும் ஏறியது. அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கு ஊரைக் கூட்டிக் கத்தியிருப்பாள். ஆனால் யாரும் மூச்சு விடவில்லை. பாசிங் அக்கா சத்தம் வராமல் கை தட்டினாள். ரோடெல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தான்.

அப்போதுதான் டாக்டர் வேகமாக உள்ளே வந்தார்.

சற்று முன்புவரை தாழ்வாரம் முழுக்கக் கேட்ட துடிப்பு இப்போது கேட்கவில்லை. கட்டிலைச் சுற்றி எல்லோரும் வாயைப் பொத்தி நிற்கிறார்கள். புருஷன்காரன் சுவரைப் பார்த்து நிற்கிறான். ஜோவெலினின் கன்னமெல்லாம் கண்ணீர்.

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. "என்னாச்சு?" என்று கிட்டத்தட்டக் கத்தினார்.

ஜோவெலின் உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க டாக்டர். பிள்ளை இப்பத்தான் முழிச்சிருக்கு. மறுபடி தூங்கிடப்போகுது."