இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் பிரஷர்

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரம், 1989 தை மாதம். டொக்டரின் ஜன்னலில் மங்கிய பனி வெளிச்சம். மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் மாமாங்கத்தின் கையில் சுற்றிய பட்டி புஸ்ஸென்று தளர்கிறது. "பிரஷர் கூடவாம். உங்கட இனத்துக்கே உள்ள வருத்தமோ எண்டு டொக்டர் கேக்கிறா," என்று மொழிபெயர்க்கிறார் கமலேஸ்வரி. "இல்ல தங்கச்சி. நானும் தம்பியும் இரட்டை. அவன் மட்டக்களப்புல சண்டைக்குள்ள இருக்கான், பிரஷர் இல்ல. பொஞ்சாதி புள்ளையோட இருக்கான்." "உங்கட குடும்பம் எங்க எண்டு கேக்கிறா." "அங்கதான். ரெண்டு வருசமா விசா வரல்ல." கமலேஸ்வரி அதைச் சொன்னதும், 'இனத்துக்குரிய நோய்' என்று குறிப்பில் எழுதியிருந்ததை டொக்டர் வெட்டுகிறார். மருந்துச் சீட்டோடு, குடும்பத்தை விரைவில் அழைக்கச் சொல்லி குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதத் தொடங்குகிறார். மனைவியின் பெயரைக் கேட்கிறார். இந்த ஊரில் ஒருவர் அதைக் கேட்பது இதுவே முதல் தடவை. "றஜனி," என்கிறார் மாமாங்கம். பேனை நகர்வதை நன்றியோடு பார்த்தபடி, இன்னொரு முறையும் மெதுவாகச் சொல்கிறார்.