பாடியவர்

திரையில் பாட்டு முடிந்ததும் டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தன் படத்தைப் பார்த்துத் தானே அழுகிற ஒருவனை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அழுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. தாடிக்காரன் ஒருவன் ரயில் ஜன்னலில் தலை சாய்த்து வெளியே பார்க்கிறான். அதற்கு முந்தைய பாட்டில் பேருந்து ஜன்னல். மொத்தம் ஆறு பாட்டு, ஆறும் யாரும் கேள்விப்படாத குழுக்களுடையவை. அதில் ஐந்து, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடியது போல இருந்தன.

ஆறாவது, பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவளும் தங்கையும் சேர்ந்து போட்ட ஆல்பத்திலிருந்து எடுத்தது.

“சினிமாப் பாட்டுன்னாலே எனக்கு அலர்ஜிக்கா. இந்தக் குரல்தான் நிஜம். ஆயிரம் பேர் பாடினாலும் கண்டுபிடிச்சிருவேன்” என்றான் டைரக்டர்.

அறைக்குள்ளேயே தொப்பி போட்டிருக்கிறான், இங்கே என்ன வெயிலா கொளுத்துகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஆல்பம் வந்தபோது சீந்த ஆளில்லை. ஓட்டல்களில் தட்டுச் சத்தத்துக்கு மேலே கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இப்போது அவள் காப்பீட்டு அலுவலகத்தில் புகார் கேட்கிறாள். இப்படி உருகி உருகிப் பேசுகிறவர்கள் இருபது பேரையாவது தினமும் போனில் சமாளிக்கிறாள்.

மூன்றாம் வரியில் ஒரு சொல் சரியாகப் பதிவாகவில்லையாம். அதை மட்டும் பாடித் தரச் சொன்னான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் மைக் முன் நின்று மூன்று முறை பாடினாள்.

“அதே குரல்! கொஞ்சம்கூட மாறலையேக்கா!” என்று துள்ளினான்.

இவனுக்குக் காது எதற்கு, தொப்பி நிற்பதற்கா?

மிக்சிங் செய்கிற நரைத்த தலைக்காரர் துள்ளவில்லை. பழைய சொல்லையும் புதிய சொல்லையும் அடுத்தடுத்து ஓட விட்டுக் கேட்டார். கண்ணாடி வழியாக அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

“பழசே இருக்கட்டும்” என்றார். காலையிலிருந்து அவர் வாயைத் திறந்தது அதற்குத்தான்.

அவள் வெளியே வந்ததும் டைரக்டர் அனுமதிக் கடிதத்தை நீட்டினான். ‘பாடியவர்’ என்ற இடத்தில் அவள் பெயரை முன்பே அச்சடித்து வைத்திருந்தான். படத்தின் கடைசியில் வரப்போவதும் அதேதான்.

“ஆமா, ஆல்பம் அட்டையில உங்க பக்கத்துல நிக்கிறாங்களே, அவங்க யாருக்கா?”

“தங்கச்சி. சும்மா கூட வருவா.”

சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பேனா எங்கும் நிற்கவில்லை. இந்தச் செவிடனிடம் இதற்கு மேல் என்ன சொல்வது?

நரைத்த தலைக்காரர் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொடுத்திருந்த பழைய பதிவில் குரல் தனி, கிடார் தனி. பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டு, மிக்சிங் பலகையில் ஒரு குமிழை மெல்லக் கீழே இறக்கினார். கிடார் தேய்ந்து தேய்ந்து நின்றது. குரல் மட்டும் தனியாகப் போனது.

“அட, கிடார் இல்லாம இன்னும் நல்லா இருக்கே! இப்படியே வச்சிரலாம்” என்றான் டைரக்டர்.

அவள் பேனாவை மூடி அவனிடம் நீட்டினாள்.

அந்தப் பாட்டில் அவளுடையது அந்தக் கிடார் மட்டும்தான்.