இன்னொரு நண்டு

பாதை இரண்டு இடத்தில் உடைந்து கிடந்தது.

அஞ்சுகத்துக்குத் திக்கென்றது. அவள் உடைத்தது ஒரே இடத்தில்தான்.

விடிகிறதுக்கு முன்னால் மண்வெட்டியோடு போனாள். வாய்க்காலில் சிமெண்டுக் குழாய் பதித்த இடத்தில் நாலு வெட்டு வெட்டினாள். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இந்த வாரம் முழுக்க இதுதான் அவளுக்கு முதல் வேலை.

அப்படியானால் அந்தப் பக்கம், ஒற்றைப் பனைக்கு நேராக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறதே, அது யார் பார்த்த வேலை?

போலகம் கிராமத்துக்கு வெளியே வயல் நடுவில் தன்னந்தனியாக நிற்கிற வீடு அவளுடையது. மழைக்காலத்தில் முழங்கால் சேறு. புருஷன் மருதையனுக்கு நெஞ்சுவலி வந்தபோது கட்டிலோடு தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில்தான் இறங்கினார்கள். ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதைக் கேள்விப்பட்டுத்தான் காலேஜ் பிள்ளைகள், ரோட்டிலிருந்து அவள் வீடு வரைக்கும் மண்பாதை போட, இந்தத் தை மாசம் நாட்டு நலப்பணி முகாமை இங்கே போட்டார்கள். எமர்ஜென்சியெல்லாம் முடிந்து அடுத்த வருஷம் அது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் குழாயைக் கொடுத்தார்கள். மண்ணும் வேர்வையும் பிள்ளைகளுடையது.

நல்ல காரியந்தான். யார் இல்லையென்றது?

ஆனால் பாதை முடிந்தால் பிள்ளைகள் போய்விடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பாதையில் நடந்து அவளைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? பெற்ற பிள்ளையா, பிறந்த வீட்டு ஆளா? தபால்காரன்கூட வரமாட்டான். அவளுக்குக் காயிதம் போட ஆள் இல்லை.

முதல் நாள் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று, “அத்தை, தண்ணி” என்றபோது அவளிடம் புழக்கத்தில் இருந்தது ஒரே ஒரு லோட்டா. மறுநாள் பரணில் கிடந்த கல்யாணச் சீர் டம்ளர்களையெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் துலக்கினாள். இத்தனை டம்ளர் இந்த வீட்டில் சேர்ந்து சத்தம் போட்டு எவ்வளவு காலமாயிற்று! துலக்கும்போது தானாகச் சிரித்துக்கொண்டாள்.

பத்து நாளும் வீடு கல்யாண வீடாக இருந்தது. ஒருத்தன் பாடுவான், ஒருத்தி கொல்லையில் கொடுக்காப்புளி பறிப்பாள், இன்னொருத்தன் அடுப்பங்கரை வரைக்கும் வந்து என்ன குழம்பு என்று மூடியைத் திறந்து பார்ப்பான். தனியாகவே இருந்து இருந்து அலுத்துப்போயிருந்தாள் அவள். பிள்ளைகள் மண் போடப் போட, பாதையில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அவள் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

முதல் தடவை பாதை உடைந்த அன்று தியாகராசன் சார்தான் குனிந்து பார்த்து, நண்டு துளைத்திருக்கிறது என்றார். முகாமை நடத்துகிறவர். அதோடு காலேஜில் விலங்கியல் வாத்தியார். நண்டைப் பற்றி அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் ஏது?

பிள்ளைகள் ஆளுக்கொரு குச்சியோடு நண்டு வேட்டைக்குக் கிளம்பிவிட்டார்கள். பிடித்ததை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். பாவம், செய்யாத குற்றத்துக்குக் கொதித்தன. ரசம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

சாருக்கு ஐம்பதை ஒட்டிய வயசு. காரைக்காலில் ஒரு மாடி அறையில் குடியிருக்கிறாராம், மெஸ்ஸில் சாப்பாடாம். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஒரு நாள் கேட்டுவைத்தாள். வகுப்புக்கு அறுபது என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

இன்றைக்கு முகாம் கடைசி நாள். ஒரு உடைப்பு என்றால் சாயங்காலத்துக்குள் அடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தெரிந்தேதான் வெட்டினாள். ஒரு நாளாவது இழுக்காதா என்று ஒரு நப்பாசை.

இரண்டு உடைப்பு ஒரு நாளில் அடங்காது.

பிள்ளைகள் பல் துலக்கின கையோடு வந்து தலையில் கைவைத்து நின்றார்கள். காப்பித் தூக்கோடு அஞ்சுகம் பின்னாலேயே வந்து நின்றாள். யாரோ தன்னைப் பார்த்துவிட்டார்கள். பார்த்துவிட்டு, வேண்டுமென்றே பக்கத்தில் இன்னொன்று வெட்டிக் கேலி செய்கிறார்கள். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

வாய்க்காலில் இன்றைக்குத் தண்ணீர் வேறு குறைவு. அவள் வெட்டிய நாலு வெட்டும் அப்படியே பளிச்சென்று தெரிந்தன. மானம் போச்சுடி அஞ்சுகம் என்று நினைத்துக்கொண்டாள்.

தியாகராசன் சார் வந்தார். அவள் உடைத்த இடத்தில் நின்று நன்றாகக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு இறங்கி, அந்த வெட்டுகளைக் காலாலேயே தேய்த்தார். நாலும் மறைந்தன.

“நண்டுதான்ப்பா. இன்னொண்ணும் சேர்ந்துகிட்டு இருக்கு. பிரின்சிபால்கிட்ட சொல்லி முகாமை நாலு நாள் நீட்டிச்சுக்கலாம்.”

பிள்ளைகளில் பாதிப் பேர் ஐயோ என்றார்கள், பாதிப் பேர் கை தட்டினார்கள். அஞ்சுகத்துக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் டம்ளரைத் துடைக்கிறது மாதிரி முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

சார் கரையேறி வந்தார். பனைப் பக்கம் இன்னும் போய்ப் பார்க்கவே இல்லை. காப்பியை ஊற்றி நீட்டினாள்.

“குடிங்க சார். ஆறிடப் போவுது.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். நகக்கண் பூராவும் ஈரக் களிமண்.

பிள்ளைகள் அப்போதுதான் மண்வெட்டி எடுத்துவர, முகாம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.