மடியில் மூன்று பைகள்

"தாத்தா, நீங்களும் ராட்டினத்துக்கு வாங்க!" என்று சிறுமி கலைமகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்கியே முதுகு போன அங்கமுத்து, கைத்தடியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "என் முதுகு தாங்காதும்மா. நீங்க ஆடுங்க, பையெல்லாம் நான் பாத்துக்கறேன்லா."

நியாலாஸிலிருந்து பஸ் ஏறி வந்தவர், அந்தக் கேளிக்கைப் பூங்காவில் நாளெல்லாம் மூன்று பைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ராட்டினம் சுற்றி வரும்போதெல்லாம் கலைமகளுக்குக் கையசைத்தார்.

சாயங்காலம் அவளுடைய அப்பா வந்து பைகளை வாங்கிக்கொண்டார். "ரொம்ப நன்றிங்கய்யா. ஒங்க குடும்பத்தக் காணோமே?"

"வந்துருவாங்க," என்றார் அங்கமுத்து.

அவர்கள் போனதும், ஐஸ்கிரீம் விற்கும் ஜானகி கேட்டாள்: "ஏன் அங்கிள், போன வாரமும் தனியாத்தானே வந்தீங்க?"

"வீட்டுல பேச ஆளில்லம்மா. இங்க வந்தா, 'கொஞ்சம் பாத்துக்குங்க'ன்னு யாராச்சும் எங்கிட்ட சொல்றாங்க."