ஒற்றைக் காலணி

கர்னல் பாஜட்டின் கட்டைவிரலைத் தாண்டிக் காலணி ஏறவில்லை. கீல்வாதத்தில் பூசணிக்காயாய் வீங்கிய கால் அது. இந்தக் காலோடு மனிதர் முகமூடி விருந்தில் ஆடியிருப்பார் என்று லெட்டீஷியா எப்படித்தான் நம்பினாளோ!

மண்டியிட்டிருந்த வண்டிச் சேவகன் அம்ப்ரோஸ் காலணியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். அது அவன் போட்டிருந்ததுதான். வாடகைக்கு எடுத்த கனவான் உடுப்பில் விருந்துக்குள் நுழைந்து, எசமானி லெட்டீஷியாவோடு ஆடி, முகமூடி கழற்றும் மணி அடித்ததும் தலைதெறிக்க ஓடியவன் அவன். படிக்கட்டில் ஒரு காலணி நழுவிவிட்டது.

இருபத்தெட்டு வயதாகியும் மகள் யாருக்கும் தலையாட்டாததில் தகப்பனாருக்கு அலுத்துவிட்டது. அந்தக் காலணிக்காரனைத்தான் கட்டுவேன் என்று அவள் சொன்னதும், "எவனா இருந்தாலும் கட்டி வைக்கிறேன். செப்டம்பர் கடைசி, மைக்கேல் திருநாளுக்குள்ள ஆளைக் காட்டு. இல்லேன்னா ஹார்ட்கோம்ப் பிரபுதான் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டார்.

அந்த 'எவனா இருந்தாலும்' வண்டிக் கதவு திறப்பவனுக்கும் பொருந்துமா? வாயைத் திறந்தால் வேலை போகும். நற்சான்றில்லாமல் துரத்தப்பட்ட சேவகனைப் பாத் நகரத்தில் நாய்கூடச் சீந்தாது. அதைவிட, அவள் சிரித்துவிடுவாளோ என்றுதான் அவனுக்குப் பயம்.

"அடுத்து யார் வீட்டுக்குப் போகலாம்? நீயே சொல்லு, அம்ப்ரோஸ்."

"உங்க சித்தம், அம்மணி."

எண்பது வயதுப் பாதிரியார் வீட்டுக்குப் போகச் சொன்னாள். வண்டியில் உடனிருந்த அத்தை, இனி கல்லறைத் தோட்டம்தான் பாக்கி என்று முணுமுணுத்தாள். காலணி மாட்ட வேறு ஆளைக் கூட்டிப் போகவும் லெட்டீஷியா சம்மதிக்கவில்லை.

திருநாளுக்கு முந்தின மாலை ஏவன் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"அவ்வளவுதானா? வேற யாருமே இல்லையா?"

அம்ப்ரோஸ் காலணிப் பெட்டியை மூடினான். "இல்ல, அம்மணி."

காலணியை ஆற்றில் போடச் சொன்னாள். போட்டான்.

அக்டோபரில் கல்யாணம் முடிந்தது. பிரபு பாதிரியாரிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார். தேவாலய வாசலில் அம்ப்ரோஸ் வண்டிக் கதவைத் திறந்து, வழக்கம்போலக் கை நீட்டினான். அழுகையை அடக்குவதே அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

படியேறியவள் பிடித்த கையை உடனே விடவில்லை. அவன் பக்கமாகக் குனிந்தாள்.

"இது யார் கைன்னு ஆடும்போதே எனக்குத் தெரியும். நீ வாயத் திறப்பேன்னுதான் வீடு வீடா அலைஞ்சேன்."